மூன்றாவது ஓலை

"ஒங்களுக்கு வசதி கூடிப்போச்சு சார். அதான் லோன் கிடையாதுன்னு சொல்லுது."

கடன் அதிகாரி பிரவீன்குமார் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்தோணிமுத்து கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஐம்பத்தைந்து வயதில் முதல் தடவையாக அவரை ஒருவர் வசதியானவர் என்று சொல்லியிருக்கிறார். அதுவும் இந்த நேரம் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"வசதியா? எனக்கா?"

"வேற ஒரு பேங்க்ல கிரெடிட் கார்டு வச்சிருக்கீங்கள்ல. லிமிட் நாலு லட்சம் காட்டுது."

"நாப்பதாயிரம் தம்பி. வண்டிக்குப் பெட்ரோல் போட வச்சிருக்கேன். மாசம் அறுநூறு ரூவா."

"அது பழைய கதை. போன மாசம் கூட்டியிருக்காங்க. நாளைக்கே நீங்க நாலு லட்சத்தையும் எடுத்துச் செலவழிச்சிட்டா எங்க கடனை எப்படிக் கட்டுவீங்க?"

"நான் எடுக்க மாட்டேனே."

"அது எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியணும்ல. லிமிட்டைக் கொறச்சுட்டு வாங்க, அன்னைக்கே லோன் போட்டுத் தாரேன்."

அந்தோணிமுத்து கீரனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். ஆவூரிலிருந்து மொபெட்டில் போய் வருகிறவர். அவருக்கு இந்த மூன்று லட்சம் வந்தே ஆக வேண்டும். மகள் சோபியாவுக்கு மே கடைசியில் கல்யாணம். நகைக்கடையில் பாதிப் பணம்தான் கொடுத்திருந்தார். மண்டபத்துக்கு முன்பணம் மட்டும் கட்டியிருந்தார். லோன் வராவிட்டால் கல்யாணம் இல்லை. இதை நினைத்துப் பார்த்ததும் அவருக்கு அந்த ஏசி அறையிலும் முதுகு வியர்த்தது.

வேண்டாம் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வராது. அந்த கார்டே அப்படி வந்ததுதான். பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு கழுத்துப்பட்டை இளைஞன் அரைமணி நேரம் பேசினான். அவர் பேசாமல் இருந்தார். பத்து நாளில் கார்டு வந்துவிட்டது.

லிமிட் கூடிய கதையும் வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பார்த்தபோது விளங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு ஒறுத்தல் உண்டு. மனைவி வேளாங்கண்ணி கறி, மீனை விடுவாள். அந்தோணிமுத்து போன வருஷம் காபியை விட்டுவிட்டு, தலைவலியில் தலைமையாசிரியரையே அதட்டிவிட்டார். அதனால் இந்த வருஷம் போனில் மெசேஜ் பார்ப்பதை விட்டார். நாற்பது நாளும் பார்க்கவில்லை. அதற்குள் கார்டு கொடுத்த வங்கி எழுதியிருந்தது: லிமிட்டை உயர்த்தப்போகிறோம், வேண்டாமென்றால் ஏழு நாளில் சொல்லவும், பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம்.

பாலைவனத்தில் ஆண்டவரைச் சோதிக்க சாத்தான் மூன்று தடவைதான் வந்தான். வங்கி ஒன்பது தடவை வந்திருந்தது. பத்தாவதாக ஒரு வாழ்த்துச் செய்தி.

"நல்ல ஒறுத்தல் இருந்தீங்க," என்றாள் வேளாங்கண்ணி. "காபியையே விட்டிருக்கலாம்."

மறுநாள் அந்தோணிமுத்து அந்தக் கார்டு வங்கியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பதிவுக்குரல் தமிழில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. லிமிட்டைக் கூட்ட ஒன்றை அழுத்தவும். கார்டு தொலைந்திருந்தால் இரண்டு. பரிசுப் புள்ளிகளுக்கு மூன்று. குறைப்பதற்கு எண்ணே இல்லை. அப்படி ஒரு மனிதன் இருப்பான் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை போலும். நாலு தடவை முழுவதும் கேட்டுவிட்டு, லிமிட் சம்பந்தமான ஆள் யாராவது பேசட்டும் என்று ஒன்றை அழுத்தினார்.

யாரும் பேசவில்லை. மெசேஜ்தான் வந்தது. அவர் கோரிக்கை ஏற்கப்பட்டு லிமிட் ஐந்தரை லட்சமாகியிருந்தது.

மூன்றாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள். பேசிய பெண் காவ்யா என்று பெயர் சொன்னாள். குரலில் அத்தனை பணிவு. அந்தோணிமுத்து பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்பை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து சொன்னார்.

"எல்லாரும் கூட்டித்தான் சார் கேப்பாங்க," என்றாள் காவ்யா. "நீங்க எதுக்கு சார் கொறைக்கச் சொல்றீங்க?"

"என் பொண்ணு கல்யாணம்மா."

"கல்யாணச் செலவுக்கு லிமிட் நெறைய வேணுமே சார்."

"அதெல்லாம் வேணாம்மா. நீ கொறச்சு மட்டும் விடு."

"கண்டிப்பா சார். அதுக்கு முன்னாடி, ஒங்க மனைவி பேர்ல ஒரு துணை கார்டு ஃப்ரீயா தாரோம். அனுப்பி வைக்கட்டுமா சார்?"

அந்த நேரம் பார்த்துக் கோவில் மணி அடித்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டியே ஒரு மாதா கோவில். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தால் எழுந்து நின்று செபம் சொல்வது அந்தோணிமுத்துவுக்கு எட்டு வயதிலிருந்து பழக்கம். நடுவில் பேசக்கூடாது. அவர் போனைக் காதில் வைத்தபடி எழுந்து, சிலுவை வரைந்துகொண்டு, கண்ணை மூடினார்.

"சார், லைன்ல இருக்கீங்களா? அனுப்பலாம்தானே சார்? சரிங்க சார். ஒங்க சம்மதத்துக்கு நன்றி."

செபத்தில் பாதிதான் ஆகியிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார், மறுபடி மூடிக்கொண்டார். மீதியை என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கூரியரில் வேளாங்கண்ணி பெயர் பொறித்த கார்டு வந்தது. அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"முப்பது வருசத்துல எம் பேருல நீங்க வாங்கிக் குடுத்த முதல் சாமான் இதுதான்," என்று சொல்லி மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

இதற்கு வழி சொன்னவர் காஜா மைதீன். கீரனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே செராக்ஸ் கடை வைத்திருக்கிறவர். பழைய சிநேகிதர்.

"நீங்க ஒழுங்காக் கட்டுறதுதான் தப்பு," என்றார். "ஒழுங்காக் கட்டுறவனுக்குத்தான் கூட்டிக் கூட்டிக் குடுப்பான். இந்த மாசம் கட்டாதீங்க. மெரண்டு போய் அவனே கொறச்சுருவான்."

"கட்டாம இருக்கிறதா? பாய், எனக்குத் தூக்கம் வராதே."

"இப்ப மட்டும் வருதா?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அந்தோணிமுத்து வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கெடு தேதியை வேண்டுமென்றே தாண்டவிட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அந்த ஒரு வாரமும் போன் அடித்தாலே வங்கியோ என்று எழுந்து நின்றார்.

ஆனால் வங்கியின் போன் அவருக்கு வரவில்லை. கார்டு வாங்கும்போது தெரிந்தவர் ஒருவர் எண்ணைக் கேட்டிருந்தார்கள். ஊரிலேயே நல்ல பெயர் உள்ள ஆளாகப் பார்த்து, உபதேசியார் சவரியப்பனின் எண்ணைக் கொடுத்திருந்தார். ஆவூர்க் கோவிலில் வாசகம் படிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, கல்யாண ஓலை வாசிப்பது எல்லாம் சவரியப்பன்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று அறிவிப்பதுதான் ஓலை. ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணத்துக்குத் தடையில்லை என்று அர்த்தம்.

சவரியப்பன் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒரு பொண்ணு போன் போட்டுச்சுங்க. ஒங்களுக்கு அஞ்சரை லட்சம் குடுத்து வச்சிருக்காங்களாம். நீங்க அறுநூறு ரூவா கட்டாம ஒளிஞ்சு திரியிறீங்களாம்."

"ஒளியலைங்க. இங்கதான இருக்கேன்."

"அதத்தான் நானும் சொன்னேன். நல்ல மனுசன், கஷ்டமா இருக்கும்னு சொல்லி வச்சேன்."

சவரியப்பனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கேட்டதை உள்ளே வைத்துக்கொள்ள இடமும் கிடையாது. சனிக்கிழமைக்குள் ஊரில் இரண்டு பேச்சு உலாவியது. அந்தோணிமுத்து ஐந்தரை லட்சம் கடன்பட்டுவிட்டார் என்பது ஒன்று. அவருக்கு வங்கி ஐந்தரை லட்சம் சும்மா கொடுத்திருக்கிறது என்பது இன்னொன்று. மாப்பிள்ளை லியோவின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டாவது.

அன்று மாலையே சம்பந்தி கூப்பிட்டார். அந்தோணிமுத்துவின் போனில் ஸ்பீக்கரில் போட்டால்தான் குரல் கேட்கும். வேளாங்கண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சோபியா வேலையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றினாள். கீரனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை.

"சம்பந்தி, கேள்விப்பட்டேன். சந்தோசம். அஞ்சரை லட்சம் கையில வச்சுக்கிட்டா இல்லைப்பாட்டு பாடுனீங்க?"

"அது கையில இல்லைங்க. கார்டுல."

"எதுல இருந்தா என்ன. நம்ம லியோ ஒரு பைக் பாத்து வச்சிருக்கான். ரெண்டே கால் வரும். கார்டுல ஒரு தேய் தேய்ச்சு விட்டுருங்க. சீரு செய்முறைன்னு நான் வாய் தொறந்து எதுவும் கேக்கலை பாத்தீங்களா."

அந்தோணிமுத்து வாயைத் திறந்தார். வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தார். கல்யாணம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மறுபடி மூடிக்கொண்டார்.

"சரி சம்பந்தி, அப்ப பேசாம இருக்கீங்கன்னா சம்மதம்தான். வச்சுரட்டுமா."

வைத்துவிட்டார். பாதி நறுக்கிய கத்தரிக்காய் தட்டில் கறுத்துக்கொண்டிருந்தது. சோபியா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைகால் கழுவப் போனாள்.

அமைதியான பிள்ளை. மாப்பிள்ளை போட்டோவைக் காட்டியபோதும் அப்படித்தான். பார்த்தாள், வைத்தாள், துணி எடுக்க மாடிக்குப் போனாள். வெட்கம் என்று வேளாங்கண்ணி சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். சோபியாவின் பெயரைக் கேட்டபோது அந்தோணிமுத்துவுக்குக் கண் கலங்கியது. பாதி மகிழ்ச்சி, பாதி மூன்று லட்சம். திங்கட்கிழமை பிரவீன்குமாரைப் போய்ப் பார்த்தார்.

"இப்ப அஞ்சரை காட்டுது சார். ஒய்ஃப் பேர்ல வேற ஒரு கார்டு. கெடு தேதியும் தாண்டியிருக்கு." பிரவீன்குமாருக்கே பாவமாக இருந்தது. "சார், வாயில பேசிப் பிரயோசனம் இல்ல. கேக்காம லிமிட்டைக் கூட்டக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. அறுநூறைக் கட்டிட்டு எழுத்துல ஒரு புகார் குடுங்க."

அன்றிரவு சாப்பிடக்கூடச் செய்யாமல் அந்தோணிமுத்து சொல்லச் சொல்ல, சோபியா போனில் தட்டச்சு செய்தாள். அவர் நடந்துகொண்டே சொன்னார். முதல் பத்து வரியும் திட்டு. வங்கி, வங்கியின் தலைவர், காவ்யா, பதிவுக்குரல் யாரையும் விடவில்லை.

"திட்டை எடுத்துருவோம்ப்பா. சுருக்கமா இருந்தாத்தான் படிப்பாங்க," என்றாள் சோபியா.

எடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததை வாசித்துக் காட்டினாள்.

"என்னைக் கேட்காமல் என் பெயரில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. நான் பதில் சொல்லாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது தவறு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆகவே இதை உடனே ரத்து செய்து, முன்பு இருந்தபடியே என்னை இருக்க விடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அந்தோணிமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தன் மனதில் இவ்வளவு தெளிவாக ஒன்று இருந்தது அவருக்கே தெரியாது.

"இப்படி எழுதிக் குடுத்தா நிறுத்திருவாங்களாப்பா?"

"நிறுத்தித்தான ஆகணும். வாயில சொன்னா காத்தோட போயிரும். எழுத்துல குடுத்தா எவனும் தாண்ட முடியாது. சும்மா இருந்தோம்னா தலையில மொளகா அரச்சுருவாங்க."

"சரிப்பா."

மறுநாள் காஜா மைதீன் கடையில் அதை அச்செடுத்து வந்தாள். பெறுநர், பொருள், கையெழுத்து மூன்றுக்கும் வெற்றிடம் விட்டிருந்தாள். கார்டு விவரத்தைக் கடையில் யாரும் பார்க்க வேண்டாமாம், வீட்டில் கையால் எழுதிக்கொள்ளலாமாம். பிள்ளையின் விவரத்தை அந்தோணிமுத்து மெச்சிக்கொண்டார். ரெண்டு காப்பி எதற்கு என்று கேட்டதற்கு, ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்றாள். அதையும் மெச்சினார்.

பதிவுத் தபால் போனது. இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். அந்தப் பூசை முழுக்க அவர் மாதாவிடம் கேட்டதெல்லாம் நாற்பதாயிரம் லிமிட்தான். இத்தனை சிறிய தொகையை மாதாவிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம், தங்கள் சம்மதமின்றிச் செய்த மாற்றங்கள் ரத்து செய்யப்பட்டன, துணை கார்டும் செல்லாது. லிமிட் பழையபடி நாற்பதாயிரம். வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னாலிருந்த கார்டை எடுத்துக் கொஞ்சம் வருத்தத்துடனேயே கத்தரித்தாள்.

வங்கியின் பதிலைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை பிரவீன்குமார் எழுந்து நின்று கை கொடுத்தார். "சாங்ஷன் ஆயிருச்சு சார். ஒங்க லெட்டர் காப்பி ஒண்ணு குடுங்க, மத்தவங்களுக்கும் ஒதவும்."

"எம் பொண்ணு அடிச்சது தம்பி," என்றார் அந்தோணிமுத்து.

கடன் உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மொபெட்டில் திரும்பும்போது அவருக்கு ஊரே நல்ல ஊராகத் தெரிந்தது. பைக் விஷயம் ஒன்றுதான் உறுத்தியது. கல்யாணம் முடியட்டும், பிறகு சம்பந்தியிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அதை ஓரமாக வைத்தார்.

கோவில் வாசலில் சவரியப்பன் மெழுகுதிரித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து வந்து வண்டியை மறித்தார். முகம் சரியில்லை.

"ஒங்களத் தேடித்தான் வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்கப் போறதில்லைங்க. தடை வந்திருக்கு."

அந்தோணிமுத்து வண்டிக்கு ஸ்டாண்டு போடாமலே இறங்கப் பார்த்தார். "தடையா? யாரு சொன்னது?"

"எழுத்துலயே குடுத்திருக்கு. சாமியாரு கையில வாங்கிப் படிச்சுட்டு, ஓலைய நிறுத்துன்னுட்டாரு."

அவருக்கு ஒரே ஒரு எதிரிதான் ஞாபகம் வந்தது. "பேங்குக்காரனா? தோத்த வெறியில கல்யாணத்துலயும் கை வைக்கிறானா?"

"இருங்க, வாசிக்கிறேன்." சவரியப்பன் இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பூசையில் வாசகம் படிக்கும் அதே குரலில் ஆரம்பித்தார். "என்னைக் கேட்காமல் என் பெயரில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது."

அந்தோணிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அட, இது என் லெட்டருங்க."

"நான் பதில் சொல்லாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது தவறு."

"ஆமா. பேங்குக்கு எழுதுனது. ரெண்டு காப்பி எடுத்தோம், தபால்ல மாறி இங்கிட்டு வந்திருச்சு போல."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆகவே இதை உடனே ரத்து செய்து, முன்பு இருந்தபடியே என்னை இருக்க விடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"இதுக்குப் போயா ஓலைய நிறுத்துனாரு?" அந்தோணிமுத்து பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு இருக்கு? ஒவ்வொரு வார்த்தையும் நியாயம்தானே?"

"சாமியாரும் அதயேதாங்க சொன்னாரு, ஒவ்வொரு வார்த்தையும் நியாயம்னு." சவரியப்பன் காகிதத்தை மடித்து அவர் கையில் வைத்தார். "கையெழுத்து மட்டுந்தான் ஒங்களது இல்ல. சோபியான்னு போட்டிருக்கு."